உறைபனி விழும் நிலத்தில் சூரியகாந்தியை எப்போது விதைப்பது?

கேள்வி: உதகை அருகே பள்ளத்தில் உள்ள 20 சென்ட் நிலத்தில், கொய்மலருக்காகச் செப்டம்பரில் சூரியகாந்தி விதைத்தேன். மொட்டு விட்ட தருணத்தில் உறைபனி விழுந்து முழுவதும் கருகிவிட்டது. இம்முறை ஜனவரியிலேயே விதைத்துவிடலாமா?

பதில்: ஜனவரி வேண்டாம். மண் குளிர்ந்திருக்கும்போது போட்ட விதை முளைக்க மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் பாதி அழுகிவிடும், மீதியை எலி தின்றுவிடும். காலை 8 மணிக்கு இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை 10 டிகிரி இருக்கிறதா என்று ஒரு வாரம் தொடர்ந்து பார்த்த பிறகு விதையுங்கள். உங்கள் பகுதியில் பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை விதைப்பது பொருத்தமாக இருக்கும். மே மாதச் சீசனுக்கும் பூ கிடைக்கும்.

முளைத்தபின் லேசான உறைபனி விழுந்தால் பதற வேண்டியதில்லை. முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகளான வித்திலைகள் மட்டும் உள்ள பருவத்தில் சூரியகாந்தி சில டிகிரி உறைகுளிரையும் தாங்கும். வளர வளரத்தான் அந்தத் தாங்கும் திறன் குறைகிறது. இரண்டு நாள் கழித்து வித்திலைகளை விலக்கி நடுக்குருத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்; கறுத்திருந்தால் பக்கக் கிளைகள் வெடித்துச் சிறு பூக்களே வரும் என்பதால், அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு மறுவிதை ஊன்றுவதே நல்லது.

சென்ற முறை நேர்ந்த இழப்புக்குக் காரணம், மிக மென்மையான மொட்டுப் பருவம் உறைபனிக் காலத்தில் வந்து விழுந்ததுதான். ஆகவே இரண்டாம் போகத்துக்கு நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். சமவெளியில் 60 நாளில் பூக்கும் ரகம் மலைக் குளிரில் 80 நாள்வரை இழுக்கக்கூடும்; நவம்பர் தொடங்குவதற்குள் அறுவடை முடிய வேண்டுமானால், ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தாண்டி விதைக்காதீர்கள்.

உங்கள் நிலம் பள்ளத்தில் இருப்பதை நான் மிகவும் கவலையுடன் கவனிக்கிறேன். காற்றசைவில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும்; மேலே உள்ள தேயிலைச் சரிவு தப்பிக்க, கீழே புல் வெளுத்திருக்கும். வானிலை அறிக்கையின் வெப்பநிலை தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் அளக்கப்படுவது. அது 3 டிகிரி என்று சொல்லும் இரவிலும் தரையில் உறைபனி படியலாம். எனவே குறைந்தபட்ச வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி ஒன்றைச் செடி உயரத்தில் கட்டி, இந்தக் குளிர்காலம் முழுவதும் தினமும் குறித்து வையுங்கள். சரிவில் சிறிது இடம் இருந்தால் ஆகஸ்ட் விதைப்பை அங்கே மாற்றிவிடுங்கள்.

அப்படியும் பூக்கும் முன் பனி வந்துவிட்டால், தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மாலையிலேயே மூடி, வெயில் ஏறிய பின் எடுங்கள்.