போக எட்டு மணி, வர ஏழு மணி: ஏன்?

கேள்வி: மகனைப் பார்க்க லண்டன் வழியாக நியூயார்க் செல்லப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்படும் விமானம் பிற்பகல் 2 மணிக்கே நியூயார்க் சேரும் என்றும், திரும்பும்போது மாலை 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு லண்டன் வரும் என்றும் அதில் போட்டிருக்கிறது. ஒரே தூரத்துக்குப் போக மூன்று மணி நேரம், வரப் பன்னிரண்டு மணி நேரமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பயணச்சீட்டில் உள்ளவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். நியூயார்க் கடிகாரம் லண்டனுக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியது. போகும்போது அந்த ஐந்தைக் கூட்டி, வரும்போது கழித்துப் பாருங்கள். போவதற்கு எட்டு மணி நேரம், வருவதற்கு ஏழு மணி நேரம் என்று கணக்கு நேராகிவிடும்.

மிஞ்சும் ஒரு மணி நேர வேறுபாடுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வழியில் சுமார் 5,540 கிலோமீட்டர். ஆனால் வட அட்லாண்டிக்கின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்னும் வேகக் காற்றோட்டம் வீசுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுள்ள விமானத்தை 100 கிலோமீட்டர் காற்று பின்னிருந்து தள்ளினால் அத்தூரத்தை ஐந்தரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதே காற்று எதிரே வீசினால் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்த்தே விமான நிறுவனங்கள் கால அட்டவணை போடுகின்றன.

வடதுருவக் குளிருக்கும் தெற்கிலுள்ள வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு கூடும் குளிர்காலத்தில் இந்தக் காற்று மேலும் வலுக்கிறது. 2020 பிப்ரவரியில் புயற்காற்றின் துணையுடன் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துக் கணக்கிட்டால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் தாண்டியது. எனினும் தன்னைச் சூழ்ந்த காற்றை ஒப்பிட அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது என்பதால் ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. உண்மையிலேயே ஒலியை முந்திப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம், 1996இல் இதே வழியை மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே கடந்தது.

இந்தக் காற்றின் போக்கைக் கணித்தே கடலின் மேல் வான்பாதைகள் நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன. பெரும்பாலும் பகலில் மேற்கு நோக்கிச் செல்லும் விமானங்களுக்கு ஸ்காட்லாந்திலுள்ள ஷான்விக் கட்டுப்பாட்டு நிலையமும், இரவில் கிழக்கு நோக்கி வருபவற்றுக்குக் கனடாவின் கேண்டர் நிலையமும் பாதைகளை அமைக்கின்றன. எனவே, நீங்கள் செல்லும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இருக்கைத் திரையில் தெரியும் வரைபடத்தில் விமானம் வடக்கே வளைந்து போவதைக் கண்டு சுற்றுவழி என்று எண்ணிவிடாதீர்கள். உருண்டையான பூமியில் அதுவே குறுக்குவழி. தட்டையான படத்தில்தான் அது வளைவாகத் தெரிகிறது.

பயணம் மார்ச் மாதத்திலோ அக்டோபர் இறுதியிலோ அமைந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவும் பிரிட்டனும் கோடைக்காலக் கடிகார மாற்றத்தை (கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, பின்னர் பழையபடி திருப்புவதை) வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதால், இடைப்பட்ட சில வாரங்களில் நேர வேறுபாடு நான்கு மணியாகக் குறையும். லண்டனில் விமானம் மாறுவோர் அந்த நாட்களில் இணைப்பு விமானத்தின் நேரத்தை மறுமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.