விடுமுறைப் பயணம்: கையைக் கடிக்காமல் இருக்க (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: ஒவ்வொரு முறையும் பட்ஜெட் போட்டுத்தான் கிளம்புகிறோம். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால், போட்டதைவிட நிறையக் கூடியிருக்கிறது. ஊதாரித்தனமாகச் செலவழித்ததாகவும் தெரியவில்லை. எங்கே தப்பு?

பதில்: டிக்கெட்டையும் அறையையும் நாலு இடத்தில் தேடிப் பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள். அந்த இரண்டும் அநேகமாகக் கூடியிருக்காது. கூடுவதெல்லாம் தாளில் எழுதாத செலவு. விமான நிலையத்திலிருந்து அறைக்குப் போகும் வண்டி, பெட்டிக்கான தனிக் கட்டணம், நுழைவுச்சீட்டு, பசி நேரத்தில் கண்ணில் பட்ட முதல் உணவகம். இவற்றை மொத்தமாக 'இதர செலவு' என்று ஒரே வரியில் போட்டுவிடுவதால்தான் கணக்கு பிசகுகிறது.

கையில் இருக்கும் மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வர், 6 இரவுகள். போக வர டிக்கெட் 30, அறை 28. முதல் வேலையாக 10 பங்கை எடுத்து அவசரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். பழகாத நாடு என்றால் 15 வரை போகலாம். அடுத்தது ஒருமுறைச் செலவுகள்: விசா, காப்பீடு, முக்கியமான நுழைவுச்சீட்டுகள், விமான நிலையத்துக்குப் போக வர வண்டி, வீட்டில் செல்லப்பிராணி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு. இதற்கு 11. மிச்சம் 21. இதுதான் உங்கள் அன்றாடப் பணம்: சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து, சில்லறைச் செலவு.

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 21-ஐ 6-ஆல் வகுத்து நாளுக்கு 3.5 என்று எழுதிக்கொள்கிறார்கள். 6 இரவுகள் என்றால் 7 பகல்கள். 7-ஆல் வகுத்தால் நாளுக்கு 3 தான். 3.5 என்று நினைத்துச் செலவழித்தால், கடைசி நாளுக்குப் பணமே இருக்காது. அவசர ஒதுக்கீட்டில் கை வைக்க வேண்டியிருக்கும்.

அந்த 3 பங்கு போதுமா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தங்கப்போகும் பகுதியை வரைபடச் செயலியில் திறந்து, நீங்கள் சாப்பிடக்கூடிய தரத்தில் மூன்று உணவகங்களின் விலைப்பட்டியல் படங்களைப் பாருங்கள். படம் எடுத்த தேதியையும் கவனியுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய விலை உதவாது. அந்நகரப் பேருந்து, மெட்ரோவின் ஒருநாள் பாஸ் என்ன விலை என்று பாருங்கள். நால்வருக்குக் கூட்டுங்கள். 3-க்குள் அடங்கவில்லையா? சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், ஓர் இரவைக் குறையுங்கள். ஏழு நாள் முடங்கிக் கிடப்பதைவிட ஆறு நாள் நன்றாக இருந்துவிட்டு வருவது மேல்.

கேள்வி: 8 நாள் பயணத்தில் 5 ஊர்களைச் சேர்த்திருக்கிறோம். அவ்வளவு தூரம் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். செலவு எகிறுமா?

பதில்: எகிறும். ஊர் மாறும் ஒரு நாளை நேரம் குறித்துப் பார்த்தால் புரிந்துவிடும். 9 மணிக்குப் பெட்டி கட்டத் தொடங்குகிறீர்கள். 11-க்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளோடு பேருந்தில் ஏற முடியாது, வாடகை வண்டி. ரயில் 12:30-க்கு. அதுவரை நிலையத்திலேயே, நிலைய விலையில் சாப்பாடு. 3 மணிக்கு அடுத்த ஊர், மீண்டும் வண்டி. அறைக்குள் நுழைந்து பெட்டியை இறக்கும்போது மணி 4. ஏழு மணி நேரத்தில் பார்த்தது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாளின் செலவு மற்ற நாட்களைவிடக் கூடுதல். 5 ஊர் என்றால் நடுவில் இப்படி 4 நாட்கள். 8-இல் பாதி.

ஓர் ஊரில் குறைந்தது 3 இரவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 8 நாளுக்கு இரண்டு ஊர்கள் போதும். மற்ற ஊர்களில் ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் இருப்பதைக் காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமாக வையுங்கள். பெட்டி அறையிலேயே இருக்கும், தோளில் ஒரு சின்னப் பை போதும். பல விடுதிகளில் 7 இரவுக்குத் தள்ளுபடி உண்டு. 6 இரவு தங்குகிறவர்கள் 7-க்கும் ஒருமுறை விலை போட்டுப் பாருங்கள். சில சமயம் வித்தியாசமே இருக்காது.

இன்னொன்று, விமான டிக்கெட்டைப் போக வர என்று ஒரே ஊருக்குத் தேடாதீர்கள். 'பல நகரங்கள்' என்ற தேர்வில், முதல் ஊரில் இறங்கி இரண்டாவது ஊரிலிருந்து கிளம்புவதுபோல் போட்டுப் பாருங்கள். டிக்கெட் சற்றே கூடுதலாக இருந்தாலும், இறங்கிய ஊருக்கே திரும்பி வரும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சம்.

கேள்வி: இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விலை நன்றாகக் குறைகிறது. எடுக்கலாமா?

பதில்: நடுவில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் எடுக்கலாம். 2 மணி நேர இடைவெளியில் மாறுவதாக இருந்தால் வேண்டாம்.

ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அப்படியில்லை. முதல் விமானம் தாமதமானது இரண்டாவது நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. வராத பயணி என்று பதிவாகிவிட்டால், அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் பொதுவாக ரத்தாகிவிடும். கடைசி நேர விலையில் புது டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

பெட்டியும் தானாக மாறாது. குடியேற்றப் பரிசோதனை முடித்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, அடுத்த நிறுவனத்தின் கவுண்டரில் மறுபடி போட வேண்டும். அப்படி வெளியே வருவதற்கே சில நாடுகளில் விசா வேண்டும். அது இல்லாமல் முதல் விமானத்திலேயே ஏற்ற மறுப்பார்கள். சர்வதேச விமானங்களுக்குக் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 5 மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி ஆபத்துதான்.

விலையை ஒப்பிடும்போது பெட்டிக் கட்டணத்தையும் இருக்கைக் கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். பெட்டிக்கான இடத்தை இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, விமான நிலையக் கவுண்டரில் வாங்கினால் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:30 என்றிருந்தால், நீங்கள் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி இரவு போய் நின்று டிக்கெட்டைப் பறிகொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதேபோல, அதிகாலை 3 மணிக்குப் போய் இறங்குவதாக இருந்தால் அறையை முந்தைய தேதியிலிருந்தே போட வேண்டும்; இல்லையென்றால் பிற்பகல் 2, 3 மணி வரை வரவேற்பறைச் சோபாதான்.

கேள்வி: ஊருக்கு வெளியே உள்ள விடுதி நகர மையத்தைவிடப் பாதி விலை. அங்கேயே தங்கிவிடலாமா?

பதில்: மிச்சமாகும் தொகையிலிருந்து போக்குவரத்தைக் கழித்துப் பாருங்கள். நால்வர், நாளுக்குப் போக வர இரண்டு நடை: தினமும் 8 டிக்கெட். குழந்தையோ வயதானவரோ இருந்து, மதியம் அறைக்கு வந்து படுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்புவதாக இருந்தால் 16. இரவு கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும் பாருங்கள். 10 மணியோடு முடிந்துவிட்டால் வாரத்தில் இரண்டு முறையாவது வாடகை வண்டி பிடிக்க நேரும். இத்தனையும் கழித்து நல்ல மிச்சம் இருந்தால் தாராளமாகத் தங்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: மையத்திலிருந்து ரயிலில் 15, 20 நிமிடம், ஆனால் நிலையத்திலிருந்து நடந்து 5 நிமிடம். விளம்பரத்தில் போடும் '500 மீட்டர்' சில நேரம் காகம் பறக்கும் தூரம். நடுவில் நெடுஞ்சாலையோ ஆறோ இருக்கலாம். நடைவழியை வரைபடத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

சமையலறையோடு கிடைக்கும் அடுக்ககங்களில் துப்புரவுக் கட்டணம் ஒன்று இருக்கும். எத்தனை இரவு தங்கினாலும் அது ஒன்றுதான். 2 இரவுக்கு அது பாரம். 7 இரவுக்குப் பரவாயில்லை. பல நகரங்களில் ஆள் ஒன்றுக்கு இரவு ஒன்றுக்கு என்று சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேராது, விடுதி மேசையில் தனியாகக் கேட்பார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் அட்டையா, ரொக்கமா?

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் அட்டையில் பணம் போகும் ஓட்டை ஒன்று இருக்கிறது. கடையில் அட்டையை வைத்ததும் கருவியின் திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், மற்றொன்று உங்கள் நாட்டுப் பணத்தில். தெரிந்த பணம் என்பதால் விரல் தானாக இரண்டாவதை நோக்கிப் போகும். அங்கேதான் இழப்பு. அந்த மாற்று விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி அல்ல, கருவியை நடத்தும் நிறுவனம். தன் லாபத்தை அதிலேயே சேர்த்துவிடும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். கடைக்காரர் தானாகவே மாற்றிவிட்டிருந்தால், ரசீதைப் பார்த்து அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்டால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். 'மாற்றத்தை மறுக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினால் பணமே வராது என்று பயப்படுகிறார்கள். வரும். மாற்றம் மட்டும்தான் நிற்கும், விகிதத்தை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நிலையான கட்டணம் ஒன்று பிடித்தால், சிறுகச் சிறுக எடுக்காமல் மூன்று நாளைக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுங்கள். வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், வேலை நேரத்தில் எடுப்பது நல்லது. அட்டை சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் இருக்கும்.

வாடகைக் காருக்கும் சில விடுதிகளுக்கும் ஒரு தொகையை முன்பணமாக முடக்கி வைப்பார்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால், காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பல நாட்கள் உங்கள் சொந்தப் பணமே கையில் இருக்காது. அதற்குக் கடன் அட்டையைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கே சிக்கனம் பிடிக்கக் கூடாது?

பதில்: முதல் மூன்று மணி நேரத்திலும் கடைசி நாளிலும்.

இறங்கியவுடன் களைப்பு, புது ஊர், கையில் சில்லறை இல்லை. தப்பான வண்டி பிடிப்பதும் சண்டை வருவதும் அப்போதுதான். அறைக்கு எந்த ரயில், எந்த வாசல், டிக்கெட் எங்கே என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வையுங்கள். நள்ளிரவில் இறங்கினால் வண்டியை முன்பதிவு செய்துவிடுங்கள். அது வீண்செலவே இல்லை.

கடைசி நாளுக்குக் காரணம் வேறு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 வினாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடியோடு, நீரை 15 டிகிரிவரை மெல்ல ஏற்றியபடி மேலும் 30 வினாடி. திரும்பச் செய்வதானால் எது என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட வலியையே தேர்ந்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததுதான் காரணம். ஓர் அனுபவத்தில் நம் நினைவு பிடித்துக்கொள்வது அதன் உச்சத்தையும் முடிவையும். கடைசி நாளைப் பெட்டி கட்டுவதிலும் மிச்சப் பணத்தை எண்ணுவதிலும் கழிக்காதீர்கள். எல்லோரும் ஆசைப்பட்ட ஒன்றைக் கடைசி மாலைக்கென்று பிடித்து வையுங்கள், அதற்கான தொகையைத் தனி உறையில் போட்டுவிடுங்கள்.

நுழைவுச்சீட்டுகளைக் கூட்டமான இடங்களுக்கு மட்டும் நேரம் குறித்து முன்பதிவு செய்தால் போதும். அதற்கு முன் வார விடுமுறை எந்த நாள் என்று பாருங்கள்: பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், தாஜ்மகால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறக்காது.

கேள்வி: பயணக் காப்பீட்டைக் கிளம்பும் முன்தினம் எடுத்தால் போதாதா?

பதில்: திரும்பக் கிடைக்காத முதல் தொகையைக் கட்டும் அன்றே எடுங்கள். பயண ரத்துக்கான பாதுகாப்பு காப்பீடு எடுத்த பிறகே தொடங்கும். நடுவில் யாராவது நோயில் படுத்தால் முன்தினத் திட்டம் கைகொடுக்காது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் மருத்துவச் செலவையே மறுத்துவிடலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தபட்ச மருத்துவக் காப்பு 30,000 யூரோ. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால், உங்கள் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா என்று பாருங்கள். உரிமம் இல்லாமல் ஓட்டி நேரும் விபத்துக்குக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

கேள்வி: பவர் பேங்கைப் பெட்டியில் போடலாமா?

பதில்: கவுண்டரில் கொடுக்கும் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி (Wh) வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். மேலே வாட்-மணி அச்சிடவில்லை என்றால், மில்லி ஆம்பியர்-மணியை (mAh) 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம். 27,000 என்றால் 99.9, விளிம்பில் நிற்கிறது. 30,000 என்றால் 111, சம்மதம் கேட்க வேண்டும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் பிடுங்கிக்கொள்ளலாம். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.