வலையில் மாட்டிய மீனைக் கடல்நாயும் ஓங்கிலும் (டால்பின்) தின்றுவிடுகின்றன. ஒலிக்கருவி கட்டினால் விலகிப்போகுமா?

சில நாள் போகும், அப்புறம் அதே சத்தத்தைக் கேட்டே தேடி வரும். கருவியை எதற்காகக் கட்டுகிறோம் என்பதில்தான் பதிலே இருக்கிறது. அதற்கு முன்னால், மீனைத் தின்றது யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓங்கில் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள். தின்றது வேறு ஏதோவாக இருக்கும்.

மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் செவுள் வலையில் தலை மட்டும் தொங்கி உடல் பிய்த்து இழுக்கப்பட்டிருந்தால், அல்லது பெரிய மீனின் வயிறு மட்டும் கடிபட்டிருந்தால், பெரும்பாலும் கடல்நாய். கத்தியால் அரிந்தது போல வழுவழுப்பான பிறைவெட்டு என்றால் சுறா. தூண்டிலில் உதடோ தலையோ மட்டும் மிஞ்சி, ஓரம் நைந்து தொங்கினால் பல்லுள்ள திமிங்கில இனம். ஓங்கிலும் இதில் அடக்கம். மீனின் ஒரு பக்கம் அலகுக் கொக்கி குத்திய காயம், மறுபக்கம் செதில் உரிந்த கீறல் என்றால் நீர்க்காகம். தோலும் முள்ளும் மட்டும் காலிப் பை மாதிரி வந்தால், கடல்தரையில் திரியும் கடல்பேன் போன்ற சிற்றுயிர்கள் உள்ளே புகுந்து தின்றிருக்கின்றன. இது வலை தண்ணீரில் அதிக நேரம் கிடந்ததன் விளைவு. இதற்கு ஒலிக்கருவி வாங்குவது வீண் செலவு.

ஒவ்வொரு முறை வலை வாங்கும்போதும், அதாவது தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்கும்போதும், இடம், ஆழம், வலை கிடந்த மணி நேரம், நல்ல மீன், கடிபட்ட மீன், புதிதாகக் கிழிந்த ஓட்டை என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். கடிபட்ட மீனை மட்டும் எண்ணினால் நட்டம் குறைவாகவே தெரியும். முழுசாக உருவிப்போன மீன் தடயமே வைக்காது, மிரண்டு ஒதுங்கிய மீன் கணக்கிலேயே வராது. விலங்கு வந்த நாளின் மொத்தப் பிடிப்பையும் வராத நாளின் பிடிப்பையும், ஒரே இடம், ஒரே பருவம் என்று வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை நட்டம் பிடிபடும்.

இப்போது ஒலிக்கருவி. ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்களை விற்கிறார்கள். முதலாவது பிங்கர்: ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸில், 132 டெசிபெல் அளவில், நான்கு நொடிக்கு ஒருமுறை மெல்ல ஒலிப்பது. இது மீனைக் காப்பாற்ற வந்ததல்ல. விலங்கு வலையில் சிக்கிச் சாகாமல் தடுக்க வந்தது. அமெரிக்காவின் மேய்ன் வளைகுடாவில் 1994-இல் சோதித்தபோது, பிங்கர் கட்டிய வலைகளில் போர்பாய்ஸ் எனும் சிறு கடற்பாலூட்டி சிக்குவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கூச்ச சுபாவமுள்ள போர்பாய்ஸுக்கு அது ஒத்துவரும். கடல்நாய்க்கோ அது சாப்பாட்டு மணி. பிங்கர் கட்டத்தான் வேண்டும் என்ற நிலையில், கடல்நாயின் காதுக்குச் சரியாக எட்டாத 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வகையைப் பாருங்கள்.

பிங்கர் பொய்த்துப்போவது பெரும்பாலும் பராமரிப்பால்தான். வகையைப் பொறுத்து 100 முதல் 200 மீட்டருக்கு ஒன்று வர வேண்டும். இடையில் ஒன்றின் பேட்டரி இறந்தால் அங்கே ஒரு வாசல் திறந்த மாதிரி. மிதப்புக் கயிற்றோடு ஒட்டிக் கட்டாவிட்டால் வலை வாங்கும் இயந்திரத்தில் மாட்டி உடையும். கடலுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் நனைத்து ஒலிக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வகை, மீன் பண்ணைகளைச் சுற்றி வைக்கும் விரட்டுக்கருவி. 190 டெசிபெல் வரை அலறும். பசித்த கடல்நாய் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு வந்து தின்றுவிட்டுப் போகும். ஒரு தப்பும் செய்யாத போர்பாய்ஸ் கூட்டம்தான் பல கிலோமீட்டர் விலகி ஓடும். அமெரிக்காவின் சியாட்டிலில் பல்லார்டு மதகில் ஸ்டீல்ஹெட் மீனைத் தின்ற கடற்சிங்கங்களிடம் 1980-களிலும் 90-களிலும் நீருக்கடி வெடி, ஒலி, ஓர்க்கா திமிங்கில பொம்மை என்று எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பிடித்துக் கொண்டுபோய்த் தெற்கே கலிஃபோர்னியாவில் விட்டதும் நீந்தித் திரும்பி வந்தன. வலி தராத மிரட்டலை விலங்கு வெகு சீக்கிரம் கணக்குப் போட்டுவிடும்.

ஆகவே விலங்கின் மனசை மாற்றப் பார்ப்பதைவிட, மீன் அதன் வாய்க்கு எட்டாதபடி சாமானை மாற்றுவதே என் கட்சி. பால்டிக் கடலில் சாம்பல் கடல்நாய்களின் தொல்லைக்கு ஸ்வீடனில் உருவானது மிதவைக் கூண்டு வலை. மீன் சேரும் அறைக்கு இரட்டைச் சுவர். வெளிவலைக்கும் உள்வலைக்கும் நடுவில் இடைவெளி விட்டு விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதால் வாய் மீனைத் தொடாது. நூல் டைனீமா போன்ற கடிக்குத் தாங்கும் இழை. சாதா நைலான் ஒரே பருவத்தில் கந்தலாகும். அடியிலுள்ள குழாய்களில் காற்றடித்தால் அறையே மேலே எழும்பும், ஒரே ஆள் காலி செய்யலாம். வாயிலில் சால்மன் நுழையும், வளர்ந்த கடல்நாய் நுழையாத கம்பிச்சட்டம். இதில் தவறவிடுவது ஒன்று: அறைக்கு முந்தைய பகுதியில் வலைக்கண்ணி சிறியதாக இருந்தால், கடல்நாய் மீனைத் துரத்தி வலைச்சுவரில் முட்டவைத்துப் பிடித்துவிடும். அங்கே பெரிய கண்ணி போட்டால் மீன் ஊடுருவித் தப்பும், கடல்நாய்க்கு அந்த இடம் அலுத்துப்போகும். சில மீன் தப்புகிறதே என்று பதறாதீர்கள்.

காட் மீனுக்குச் செவுள் வலைக்குப் பதில் கூண்டு வைக்கலாம். தரையிலிருந்து சற்று மேலே மிதந்து நீரோட்டத்தோடு தானே திரும்பும் வகை நல்லது. இரையின் மணம் போகும் திசையில் வாயில் இருக்கும், மீன் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நேரே நுழையும். வாயிலில் கெட்டியான வளையம் இல்லாவிட்டால் குட்டிக் கடல்நாய் உள்ளே புகுந்து மூச்சுமுட்டிச் சாகும். அலாஸ்கா வளைகுடாவில் சேபிள்ஃபிஷ் பிடிப்பவர்களுக்கு 2017 முதல் கூண்டுக்கு அனுமதி கிடைத்தது. சுருள்கம்பி வைத்து மடங்கும் லேசான கூண்டுகள் வந்தபின் சிறு படகுகளும் தூண்டிலை விட்டு மாறின. தூண்டில் மீனைப் பறிக்கும் திமிங்கிலத்தால் கூண்டை ஒன்றும் செய்ய முடியாது.

நீளக் கயிற்றில் ஏராளமான தூண்டில்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில்தான் தொடர வேண்டுமென்றால் நேரம்தான் எல்லாம். கொள்ளை பெரும்பாலும் கயிறு ஏறும்போது நடக்கிறது. குட்டையான கயிறு, வேகமாக இழுக்கும் பொறி, திமிங்கிலம் கண்ணில் பட்டதும் இழுப்பதை நிறுத்தி மிதவை கட்டிவிட்டு வெகுதூரம் போய்விடுவது. பக்கத்திலேயே சுற்றினால் பின்னாலேயே வரும். அலாஸ்காவில் மீனவர்களும் ஆய்வாளர்களும் 2003 முதல் சேர்ந்து பார்த்ததில், இழுக்கும்போது கியரைப் போட்டுப் போட்டு எடுப்பதால் படகின் உந்துவிசிறியில் எழும் குமிழிச் சத்தம் எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு அழைப்பாகிறது என்று தெரிந்தது. கியர் மாற்றுவதைக் குறையுங்கள், காசு செலவில்லை. சிலியில் ஆழ்கடல் டூத்ஃபிஷ் பிடிப்பவர்கள் தூண்டில் கொத்துக்கு மேல் கூம்பு வலையுறை கோத்தார்கள். கயிறு மேலேறும்போது நீரின் தள்ளலில் உறை கீழே சரிந்து மீனை மூடிக்கொள்ளும்.

இரையைக் கொத்தவரும் கடற்பறவைக்கு வேறு வைத்தியம். கயிறு விடுவது இரவில். கிளைக்கயிற்றில் தூண்டிலிலிருந்து அரை மீட்டருக்குள் 40 கிராமோ, ஒரு மீட்டருக்குள் 60 கிராமோ ஈயம். படகின் பின்னால் நாடா தொங்கும் விரட்டுக்கயிறு. மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

“கொன்று குறைத்தால் என்ன?” என்று கேட்கத்தான் செய்வார்கள். தென்னாப்பிரிக்கக் கடலில் கடல்நாயைக் குறைத்தால் ஹேக் மீன் பெருகுமா என்று 1990-களில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அங்கே ஹேக்கில் இரண்டு இனம். ஆழம் குறைந்த இடத்து ஹேக், ஆழத்து ஹேக்கின் குஞ்சைத் தின்னும். கடல்நாய் தின்பது பெரும்பாலும் முதல் இனத்தை. ஆகவே கடல்நாயைக் குறைத்தால் மொத்த ஹேக் கூடாமலும் போகலாம், குறையவும் செய்யலாம் என்றுதான் வந்தது. குறிப்பிட்ட வலைக்கே பழகிப்போன ஓரிரு விலங்கை அனுமதி பெற்று அகற்றுவது வேறு கதை. அதற்குச் சில நாடுகளில் வழி உண்டு.

அனுமதியில்லாமல் சுட்டால் சந்தையே அடைபடும். அமெரிக்கா 1972-இல் கொண்டுவந்த கடற்பாலூட்டிச் சட்டத்தின்படி, தனக்கு ஈடான பாதுகாப்பு இல்லாத மீன்பிடிப்புகளிலிருந்து வரும் மீனை 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதிக்கு அனுமதிப்பதில்லை.

இன்னொன்று: வலை வாங்கிக்கொண்டே மீனைக் குடலெடுத்து, கழிவை அங்கேயே கடலில் எறியாதீர்கள். பறவைக்கும் கடல்நாய்க்கும் உங்கள் படகின் சத்தத்தைப் பழக்கிக்கொடுப்பது அதுதான். தொட்டியில் சேர்த்துவைத்து, வலையும் கயிறும் தண்ணீரில் இல்லாத நேரத்தில், வலை விடும் இடத்தைத் தாண்டிக் கொட்டுங்கள்.