பாஸ் வாசிக்கிறவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

அம்மா, உங்கள் கடிதத்தில் கோபம் பாதி, பயம் பாதி. நியூ ஜெர்சியில் பதினொன்றாவது படிக்கிற பையன், கணக்கில் கெட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் விண்ணப்பிப்பான் என்று நீங்களும் அவன் அப்பாவும் இருக்க, திடீரென்று ஜாஸ் இசையில் பாஸ் வாத்தியம் படிக்கப்போகிறேன் என்கிறான். "பாட்டு, கிடார் என்றாலாவது புரியும், மேடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத வாத்தியம், இதை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 'யாரும் திரும்பிப் பார்க்காத' என்பதில்தான் பதிலே இருக்கிறது.

நம் ஊர் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் சீசனில் பாடுகிறவருக்கு விரல்விட்டு எண்ணும்படி கச்சேரிகள் இருக்கும். நல்ல மிருதங்கக்காரரோ ஒரே நாளில் இரண்டு சபா ஏறி இறங்குவார். பக்கவாத்தியத்துக்கு அந்த வசதி உண்டு. உங்கள் பையன் கேட்கிற டபுள் பாஸ், ஆள் உயரத்துக்கு நிற்கிற அந்தப் பெரிய கம்பி வாத்தியம், ஜாஸின் பக்கவாத்தியம். ஒரு தாளச் சுற்றில் நான்கு அடி, நாலு அடிக்கும் நாலு சுரம் என்று பாஸ்காரன் நடந்துகொண்டே இருப்பான், அந்த நடையை வைத்துத்தான் பியானோக்காரரும் சாக்ஸஃபோன்காரரும் இப்போது எந்தச் சுரக் கூட்டில் (chord) இருக்கிறோம் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அவன் ஒரு சுற்று தடுமாறினால் மேடையே தடுமாறும். அதனால் சாக்ஸஃபோன் வாசிக்கிற பத்துப் பேர் ஒரு வாய்ப்புக்கு நிற்கிற ஊரிலும், நல்ல பாஸ்காரனைத் தேடி ஃபோன் அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பையனின் பள்ளி ஜாஸ் பேண்டில் எத்தனை சாக்ஸஃபோன், எத்தனை பாஸ் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, கூப்பிடுவார்கள், வாழ்நாள் முழுக்கக் கூப்பிடுவார்களா? இதற்கு மில்ட் ஹின்டன் என்கிற பாஸ் கலைஞரின் கதையைத்தான் நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். 1910ல் மிஸிஸிப்பியில் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர், சின்ன வயதில் சிகாகோவுக்கு வந்து பதிமூன்று வயதில் வயலின் பிடித்தார். அன்றைக்கு வயலின் படிப்பது நம் வீடுகளில் இன்று கம்ப்யூட்டர் படிப்பது மாதிரி, நிச்சயமான வேலை. மௌனப் படம் ஓடும் தியேட்டர்களில் வாத்தியக் குழு இருக்கும், மாதச் சம்பளம் வரும். 1927ல் பேசும் படம் வந்தது, கொஞ்ச நாளில் அந்தக் குழுக்களை எல்லாம் கலைத்துவிட்டார்கள். பையன் படித்த படிப்பு முடிவதற்குள் வேலையே காணாமல் போய்விட்டது. வயலினை ஓரமாக வைத்துவிட்டு பாஸ் பக்கம் போனார், ஏனென்றால் நடன அரங்குகளில் அதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது.

1936ல் கேப் கேலோவே இசைக்குழுவில் தற்காலிகமாகத்தான் சேர்ந்தார், 1951 வரைக்கும் பதினைந்து வருடம் இருந்தார். அப்புறம் பெரிய இசைக்குழுக்களின் காலம் முடிந்தது, மறுபடி வேலை இல்லை. நாற்பது வயது, குடும்பம், நியூயார்க். ஒரு நாள் தெருவில் ஜாக்கி க்ளீசன் எதிர்ப்பட்டார், டிவியில் பெரிய நகைச்சுவை நடிகர், இசைத்தட்டுகளும் போட்டுக்கொண்டிருந்தார், பழைய பழக்கம். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றார், சும்மாதான் இருக்கிறேன் என்றார் இவர், மறுநாள் ரெக்கார்டிங்குக்கு வரச்சொன்னார். அன்றைக்கு நியூயார்க் ஸ்டுடியோக்களில் கறுப்பினக் கலைஞர்களைப் பார்ப்பதே அபூர்வம். போன இடத்தில், எதிரே வைத்த இசைக் குறிப்பை அப்படியே பார்த்து வாசித்தார், வில்லால் வாசிக்கச் சொன்னால் வில், கம்பியை அறைந்து வாசிக்கச் சொன்னால் அதுவும். பிறகு ஒரே நாளில் மூன்று ஸ்டுடியோ ஓடுகிற நிலை வந்தது. 1958ல் பாடகி பில்லி ஹாலிடே, அறுபதுகளின் தொடக்கத்தில் சின்னப் பெண்ணாகப் பாட வந்த அரேத்தா ஃபிராங்க்ளின், நடுவில் விளம்பரப் பாட்டு, எதையும் விடவில்லை. அந்த வேலையும் குறைந்தபோது எழுபதுகளில் ஹன்டர், பரூக் கல்லூரிகளில் பாடம் எடுத்தார். 1935ல் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த கேமராவில் பயணத்தில் எல்லாம் படம் எடுத்துக்கொண்டே இருந்தார், கிட்டத்தட்ட 60,000 படங்கள், இன்று அவை ஜாஸ் வரலாற்றின் ஆவணம். 2000ல் தொண்ணூறு வயதில் இறந்தார். வீட்டு வரவு செலவு முழுக்க மனைவி மோனா கையில் இருந்தது, இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன், அந்தக் கணக்கு நோட்டு இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்காது என்பது என் அபிப்ராயம்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஆசை காட்டுகிறேன் என்பீர்கள். பில் லீ, இயக்குநர் ஸ்பைக் லீயின் அப்பா. அவரும் அரேத்தாவுக்கு, பாடகர் பாப் டிலனுக்கு எல்லாம் வாசித்த பாஸ்காரர். 1951ல் ஃபென்டர் கம்பெனி, கிடார் மாதிரி தோளில் மாட்டி வாசிக்கிற எலெக்ட்ரிக் பாஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அறுபதுகளில் ஸ்டுடியோக்கள் எல்லாம் அதைக் கேட்க ஆரம்பித்தன. இவர் தொடமாட்டேன் என்றார். வேலை வற்றிப்போனது, மனைவி பள்ளியில் பாடம் நடத்திக் குடும்பத்தை ஓட்டினார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பிடிக்காததை வாசிக்க மாட்டேன் என்பது ஒரு கலைஞனின் உரிமை. ஆனால் அந்த உரிமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை உங்கள் பையன் பதினேழு வயதிலேயே யோசிக்கட்டும்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஜாஸுக்கு டிகிரி எதற்கு, கிளப்பில் கற்றுக்கொள்கிறேன் என்று பையன் சொன்னால் ரான் கார்ட்டர் என்கிற பாஸ் கலைஞரைக் காட்டுங்கள். பத்து வயதில் செல்லோ, டெட்ராய்ட் பள்ளியில் வாய்ப்புகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே போனதால், பாஸ் வாசித்த ஒரே மாணவன் படித்து முடித்துப் போன காலியிடத்துக்கு மாறினார். ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் 1959ல் பட்டம், 1961ல் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலை. 1963 முதல் ஐந்து வருடம் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு. 2,221 பதிவுகளில் வாசித்ததாகக் கின்னஸ் கணக்கு. இவ்வளவுக்கும் பிறகு நியூயார்க் சிட்டி காலேஜில் பல வருடம் பேராசிரியர். அந்த முதுகலைப் பட்டம் சும்மா போகவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் ஜாஸ் துறையை ரூஃபஸ் ரீட் என்கிற பாஸ் கலைஞர்தான் இருபது வருடம் நடத்தினார். ஒஹையோவில் இருக்கிற ஓபர்லின் கல்லூரியில் ஐந்து வருடத்தில் இசையும் கலை-அறிவியலுமாக இரண்டு பட்டம் வாங்கலாம், கணக்கு பிடித்த பையனுக்கு அதுதான் என் முதல் யோசனை. ஹின்டன் வாசித்த நான்கு பாஸ்கள் இப்போது அங்கேதான் இருக்கின்றன, பையனுக்கு இது தெரிந்தால் விண்ணப்பத்தை அவனே எழுதிவிடுவான். இசை ஆசிரியர் படிப்பையும் தள்ளிவிடாதீர்கள், பள்ளிச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் வைத்துக்கொண்டு இரவில் வாசிக்கிறவர்கள் ஏராளம்.

பணத்தைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். சின்ன கிளப்பில் ஒரு இரவுக்கு நூறு டாலர் சுற்றித்தான் கிடைக்கும், கார் நிறுத்துகிற காசும் அதிலேயே போகும். நல்ல வாத்தியம் பத்தாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும், விமானத்தில் கொண்டுபோவது தனிப் போராட்டம், பலர் போகிற ஊரில் இரவல் வாங்கித்தான் வாசிக்கிறார்கள். ஆரம்பத்தில் விரல் கொப்பளிக்கும், தோல் கெட்டியாகும் வரை பல்லைக் கடிக்க வேண்டும், தோளும் முதுகும் பிறகு கணக்குக் கேட்கும். காப்பீடு இல்லாத கலைஞர்கள் எத்தனை பேர் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1993ல் எங்கல்வுட் மருத்துவமனையில் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி இறக்கும் முன், காசு இல்லாத ஜாஸ் கலைஞர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டார், இன்றைக்கும் அங்கே அப்படிச் சிகிச்சை நடக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு ஏன் தேவை வந்தது என்பதையும் பாருங்கள்.

இப்போதைக்கு அவனோடு சண்டை வேண்டாம். மூன்று வேலை கொடுங்கள். தினமும் பத்து நிமிஷம் முன்பின் பார்க்காத இசைக் குறிப்பை எடுத்துப் பார்த்தவுடன் வாசிக்கட்டும். ஒரு எலெக்ட்ரிக் பாஸ் பழையதாக வாங்கிக் கொடுங்கள், முகம் சுளித்தால் பில் லீ கதையைச் சொல்லுங்கள். இந்தக் கோடையில் கல்யாணமோ சர்ச்சோ யார் கூப்பிட்டாலும் போய் வாசித்து, வந்த பணத்தையும் பெட்ரோல் செலவையும் அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். பெரும்பாலான கல்லூரிகள் நவம்பர் டிசம்பர் வாக்கில் வீடியோ கேட்கும், ஜனவரி பிப்ரவரியில் நேரில் கூப்பிடும், அதனால் செப்டம்பருக்குள் என்னிடம் ஒரு பதிவு அனுப்பச் சொல்லுங்கள். தனி ஆவர்த்தனம் வேண்டாம், வேறு யாருக்காவது பின்னால் இருந்து வாசித்ததாக இருக்கட்டும். கூடவே அந்த நோட்டின் பக்கங்களையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டும், நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.