தங்கை கட்டும் தவணை

கேள்வி: எங்களுக்குக் கடலூர் முதுநகர். நான்கு லட்சம் கல்விக்கடன் வாங்கி மகனை பி.இ. படிக்க வைத்தோம். சென்னையில் வேலை, சம்பளம் 26,000. பெரிய மகள் அரசுப் பள்ளியில் படித்து, அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு முடித்தாள். பரீட்சை முடிந்த மறுவாரத்திலிருந்து லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். 9,500 தருகிறார்கள். மகனுடைய கடன் தவணை 6,200 ரூபாயை மாதாமாதம் 10-ஆம் தேதி இவள் சம்பளத்திலிருந்துதான் கட்டுகிறோம். அவனுக்கு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடுகிறது. இப்போது பிளஸ் டூ முடித்த சின்னவளும் பி.ஏ.தான் படிப்பேன் என்கிறாள். காசுக்கு உதவாத படிப்பில் இன்னொரு பிள்ளையையும் சேர்க்கலாமா?
– ஒரு தாய்

பதில்: பி.ஏ. காசுக்கு உதவாது என்று எழுதுவதற்கு இரண்டு வரி முன்னால் என்ன எழுதினீர்கள் என்று திரும்பப் படித்துப் பாருங்கள், அம்மா. உங்கள் வீட்டில் பி.இ. வாங்கிய கடனை பி.ஏ. அடைத்துக்கொண்டிருக்கிறது.

மாதம் 6,200 என்றால் வருஷத்துக்கு 74,400 ரூபாய். நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறவள் கையில் மிஞ்சுவது 3,300. அண்ணன் தங்கைக்குச் சீர் செய்வதுதான் நம் பக்கத்து முறை. உங்கள் வீட்டில் தங்கை அண்ணனுக்கு மாதம் தவறாமல் சீர் வைக்கிறாள். அதை நீங்கள் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது மாதிரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

கூடப்பிறந்தவர்கள் ஒருவர் சுமையை ஒருவர் தூக்கத்தான் வேண்டும். மூத்தவன் நோயில் படுத்தாலோ வேலை போய் நின்றாலோ இளையவள் தாங்கட்டும், நானே சொல்வேன். 26,000 வாங்குகிறவனை 9,500 வாங்குகிறவள் எதற்குத் தாங்க வேண்டும்? கடன் பத்திரத்தில் அவன் கையெழுத்து இருக்கும், பெற்றவர் கையெழுத்து இருக்கும். அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. சம்பளத்தை மட்டும் கேட்கிறீர்கள். 'வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு என்ன செலவு' என்பீர்கள். இந்த வாக்கியம் எனக்கு எத்தனை தாய்மாரிடமிருந்து வந்திருக்கிறது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சரி, பி.ஏ.வுக்கு வருவோம். ஜவுளிக்கடையில் அதற்கு மதிப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். பத்தாவது படித்த பெண்ணுக்கும் அங்கே ஏறக்குறைய அதே சம்பளம்தான். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். 'நிற்கிறாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு ஒரு ஸ்டூலாவது உண்டா?) அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மாநில அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வில் பெரும்பாலான பதவிகளுக்கும், வங்கி அதிகாரித் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். உங்கள் மகன் பி.இ.யை வைத்து எழுதப் போனாலும் அதே கேள்வித்தாள்தான். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள். அதில் 100 பொதுத்தமிழில் எழுதலாம். மற்றதில் வரும் வரலாற்றுக் கேள்விகள் இவள் மூன்று வருஷம் படித்த பாடம். போதாததற்கு, முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் போய் வாங்க வேண்டும். கடை அடைத்து ராத்திரி வீடு வருகிறவள் எப்போது போய் வாங்குவாள்?

இன்ஜினீயரிங்குக்குச் செலவு படிக்கும்போது. கலைப் படிப்புக்குச் செலவு படித்து முடித்த பிறகு. பட்டம் வாங்கிய பிள்ளைக்கு ஒன்றிரண்டு வருஷம் சோறு போட்டு, பரீட்சைக்கு உட்காரவிட்டு, 'எப்போது சம்பாதிப்பாய்' என்று கேட்காமல் இருப்பதுதான் அந்தச் செலவு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு, படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் அரசே மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. நீங்கள் போட வேண்டியிருந்தது அந்த இரண்டு வருஷத்தை மட்டும்தான். மகனுக்கு நான்கு லட்சம் போட்டீர்கள். இவளுக்கு ஒரு மாதம்கூடத் தரவில்லை. நாற்று நட்ட மறுவாரமே அரிவாளோடு போய் நின்றுவிட்டு, விளையவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் தேறுவதில்லை. லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள், இடம் கொஞ்சம்தான். அதனால் இரண்டு வருஷம் என்று கெடு வையுங்கள், அதற்குள் வராவிட்டால் பி.எட். பக்கம் திரும்பட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள். பெரியவளைக் கடையிலிருந்து நிறுத்தி அங்கே அனுப்புங்கள்.

சின்னவளைச் சேர்க்கலாமா என்றால், இவளையும் பரீட்சை முடிந்த மறுவாரமே கடைக்கு அனுப்புவதாக இருந்தால் சேர்க்காதீர்கள். பிளஸ் டூவோடு அனுப்பினாலும் அதே சம்பளம்தான், மூன்று வருஷமாவது மிச்சம். அப்படிச் செய்ய மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியுமானால் தமிழ்வழியிலேயே சேர்த்துவிடுங்கள். அவளுக்கு வரும் ஆயிரத்தில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

அடுத்த தவணை 10-ஆம் தேதி. அதற்கு முன்னால் மகனுக்குப் போன் போட்டு, இந்த மாதத்திலிருந்து நீ கட்டு என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள், பெரியவளும் பக்கத்தில் இருக்கட்டும்.