வால்வு ஆம்ப் மருத்துவம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய மாமா, 1960-களில் வந்த ஃபெண்டர் சாம்ப் கிடார் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றைக் கொடுத்தார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட்டில் ஓட்டுகிறேன். பாட்டு நன்றாக வருகிறது, ஆனால் கூடவே ஹம்மிங். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் குறையவில்லை. வால்வை எல்லாம் மாற்றிவிடலாமா? இன்னொன்று, தொட்டால் சில சமயம் கையில் சுர்ரென்கிறது. ஒயரில் இரண்டு பின்தான் இருக்கிறது. (கோவை வாசகர்)

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சுர்ரென்பதைச் சரிசெய்யும்வரை கிடாரைச் சொருகாதீர்கள். கிடார் கம்பி சேசிஸோடு (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) சேர்ந்தது, உங்கள் விரல் கம்பியோடு சேர்ந்தது. இரண்டு பின் ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று பின் ஒயர் போட்டு, பச்சை (எர்த்) ஒயரைச் சேசிஸில் நட்டு போட்டு முறுக்குங்கள். அந்தக் காலத்து ஆம்ப் பலவற்றில் மெயின்ஸ் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் இருக்கும், அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராகச் சேசிஸுக்கு வந்துவிடும். உங்களுடையதில் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், வேறொன்று போட வேண்டியதில்லை. அப்புறம், ஸ்டெப்-டவுன் பெட்டியில் எர்த் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் மூன்றாவது பின் வெறும் அலங்காரம்தான்.

110 வோல்ட் பற்றிக் கவலை வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், வோல்டேஜ் சற்றுக் குறைவாக இருப்பது அதற்கு நல்லதே.

சரி, ஹம்மிங். வால்வை மாற்று என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, பெரும்பாலும் அது காசுக்குக் கேடு. உங்கள் காதே பாதி வேலையைச் செய்துவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டி வரும் அலை 100 ஹெர்ட்ஸ். கிடாரை ஆம்ப்பில் சொருகாமல், ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள்: அந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் ஹம்மிங் அதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனால் அந்த அலையைச் சமன் செய்யும் பவர் சப்ளை ஃபில்டர் கண்டென்சர்மேல்தான் முதல் சந்தேகம். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, மெத்தென்று இருந்தால் ஹீட்டர் ஒயரோ எர்த்தோ. அடுத்து, ஆம்ப்பை அணைத்து, முதல் கட்ட வால்வான 12ஏஎக்ஸ்7-ஐ உருவி எடுத்துவிட்டு ஆம்ப்பைப் போடுங்கள். ஹம்மிங் அப்படியே இருந்தால் கோளாறு அதற்குப் பின்னால், பவர் சப்ளையிலோ 6வி6 பவர் வால்வு பக்கமோ. வால்யூம் பூஜ்யத்திலும் குறையவில்லை என்கிறீர்கள், அறுபது வருடக் கண்டென்சர் என்கிறீர்கள், நான் பந்தயமே கட்டுவேன். ஒன்று மட்டும்: சாம்ப்பில் பவர் வால்வு ஒன்றே ஒன்று, எனவே துளி ஹம்மிங் புது நிலையிலும் உண்டு. அதை முழுசாகத் துரத்தப் பார்க்காதீர்கள்.

உள்ளே கை வைப்பதற்கு முன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையை முதலையின் வாய் கிளிப்பால் சேசிஸில் மாட்டி, மறுமுனையை இன்சுலேஷன் உள்ள புரோபால் கண்டென்சரின் பிளஸ்ஸில் சில நொடி வையுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள், 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் தொடலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணி பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை.

பழைய ஃபில்டர் கண்டென்சர் பெரும்பாலும் 20 மைக்ரோ ஃபாரட், அப்படியானால் 22 மைக்ரோ ஃபாரட், 500 வோல்ட் போடுங்கள். 500 எதற்கு என்றால், ஆம்ப்பைப் போட்டவுடன் 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வு சீக்கிரம் சூடாகிவிடும், 6வி6 சூடாகி இழுக்க ஆரம்பிப்பதற்குள் வோல்டேஜ் வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கும். பெரிசாகப் போட்டால் ஹம்மிங் இன்னும் குறையுமே என்று முதல் கண்டென்சருக்கு 100 மைக்ரோ ஃபாரட் போடுகிறவர்கள் 5ஒய்3-ஐச் சாகடிக்கிறார்கள். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது, மாறினால் வெடிக்கும். முதல் முறை போடும்போது 100 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் ஒயரோடு சீரிஸில் வையுங்கள் (எல்இடி உதவாது). பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள்.

கேள்வி: ஈஎல்84 பவர் வால்வு இரண்டு உள்ள ஆம்ப். ஒரு வால்வு மட்டும் சிவக்கிறது, பத்து நிமிடத்தில் ஃப்யூஸ் போகிறது. பெரிய ஃப்யூஸ் போடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: போடலாம், அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரே ஃப்யூஸ் ஆகிவிடும்!

நடுவில் ஆரஞ்சாகத் தெரிவது ஹீட்டர், அது வேண்டியதுதான். அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகடு சிவந்தால் அளவுக்குமேல் கரண்ட் இழுக்கிறது, உடனே அணைக்க வேண்டும். இரண்டு வால்வையும் இடம் மாற்றுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால், முந்தைய கட்டத்தின் டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம்: அந்த வால்வை உருவிவிட்டு ஆம்ப்பைப் போட்டு, சாக்கெட்டின் 2-வது பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். கேத்தோடு பயாஸ் ஆம்ப் (வால்வின் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே கரண்டை மட்டுப்படுத்தும் வகை) என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். பிளஸ் சில வோல்ட் காட்டினால் முந்தைய கட்டத்தின் டிசி ஒழுகுகிறது, கண்டென்சரை மாற்றுங்கள். ஓடுகிற ஆம்ப்பில் அளக்கும்போது மீட்டரின் கருப்பு முனையைச் சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டியை லேசாகத் தட்டினாலே ஸ்பீக்கரில் 'டிங்' என்கிறது. (சென்னை வாசகர்)

பதில்: ஏதோ ஒரு வால்வு மைக் போல ஆகிவிட்டது. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். லேசான சத்தம் முதல் வால்வில் எப்போதும் இருக்கும், மணி அடித்ததுபோல் இழுத்து ஒலிப்பதை மட்டும் மாற்றினால் போதும். தட்டும்போது கரகரவென்றால் வால்வைக் குறை சொல்லாதீர்கள், சாக்கெட் பின் தளர்ந்திருக்கும்.

கேள்வி: ராத்திரியில் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வேலை பார்க்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்குப் பெரும்பாலும் அது பரவாயில்லை, வால்வு ஆம்ப்பில் லோடு இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்குப் பதில் அதே ஓம் உள்ள ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் போடுங்கள். 15 வாட் ஆம்ப்புக்கு 50 வாட் ரெசிஸ்டர் தாராளம். நன்றாகச் சூடேறும், மேஜை விரிப்பில் வைக்காமல் ஒரு டைல்ஸ் துண்டின்மேல் வையுங்கள்.