அமெரிக்காவில் ஓய்வூதிய வரிக்கான சம்பள உச்சவரம்பு பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரியாகத் தொழிலாளியின் சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆனால் ஓர் எல்லை வரைதான். 2025-இல் அது 1,76,100 டாலர். குறிப்பிட்ட யூனிட்டைத் தொட்டதும் மின்மீட்டர் ஓடாமல் நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அது போல அதற்கு மேல் வாங்கும் சம்பளத்துக்கு இந்த வரியே இல்லை.

2025-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வருடம் 60,000 டாலர் வாங்குபவர் 3,720 டாலர் கட்டுகிறார்: முழு 6.2 சதவீதம். பத்து லட்சம் வாங்குபவர் கட்டுவது 10,918, அதாவது 1.1 சதவீதம்தான். மாதச் சம்பளமாக வாங்கினால் மார்ச்சிலேயே அவருக்குப் பிடித்தம் முடிந்துவிடும்.

சிக்கலின் வேர் ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. 1983 வாக்கில் நாட்டின் மொத்தச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் இந்த எல்லைக்குள் இருந்தது. உயர் சம்பளங்கள் வேகமாக ஏறியதால் இப்போது சுமார் 83 சதவீதம்தான். ஓய்வூதியம் கொடுப்பதற்கான சேமிப்பு நிதி வறள இதுவும் ஒரு காரணம். 2,50,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கும் வரி வேண்டும் என்கிறார் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். ஓய்வூதியத்துக்கும் உச்சவரம்பு உண்டே, வரிக்கு மட்டும் ஏன் கூடாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குப் பிடிக்கும் வரிக்கு 1994 முதல் உச்சவரம்பே கிடையாது.

சேமிப்பு நிதி தீர்ந்தால் ஓய்வூதியமே நின்றுவிடும் என்று பலர் நினைப்பது தவறு: மாதாமாதம் வரும் வரியிலிருந்து முக்கால் பங்குக்கு மேல் கொடுக்க முடியும்.